வேடம் போட்டால்தான் உள்ளே: ‘அவ்வை சண்முகி’யில் யாருக்கு என்ன இடம்?

1996 தீபாவளிக்கு வெளியான ‘அவ்வை சண்முகி’யைத் தொலைக்காட்சியில் போட்டால் இன்றும் வீடே உட்கார்ந்து பார்க்கிறது. கமல்ஹாசனின் மாமி வேடம், கிரேசி மோகனின் வசனம், கே.எஸ். ரவிகுமாரின் விறுவிறுப்பு என்று அந்த வெற்றிக்குக் காரணங்களை அடுக்கிவிடலாம். ஆனால் படத்தின் பாத்திரங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் வேறொன்றும் கண்ணில் படும். மாமனார் விஸ்வநாத ஐயர், அவருடைய செயலாளர் சேதுராமன், வாடகை கேட்டு வரும் முதலியார், சமையலுக்கு வரும் பாஷா, மேக்கப் போடும் ஜோசப், நடுவில் சாதி சொல்லாத பெயரோடு கமலின் பாண்டியன். இத்தனை தரப்பட்ட ஆட்களை ஒரே கதைக்குள் உலவவிட்ட குடும்பப் படங்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை.

பழைய நகைச்சுவைப் படங்களைப் பற்றிய பேச்சு இப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தக் காலத்துப் படம், சிரித்துவிட்டுப் போங்கள் என்கிறது ஒன்று. இன்றைய அளவுகோலை எடுத்துக் குற்றப்பட்டியல் எழுதுகிறது மற்றொன்று. முதல் கட்சி படத்தைப் பற்றிப் பேசவே விடுவதில்லை. இரண்டாவது கட்சி படத்தைப் பார்க்கவே விடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் படத்தில் யார் யார் வருகிறார்கள் என்பதோடு, என்ன நிபந்தனையின் பேரில் உள்ளே வருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

தலையெண்ணிக்கை போதாது

பிரதிநிதித்துவம் என்றதும் முதலில் கைக்கு வருவது கணக்கெடுப்பு. எத்தனை இஸ்லாமியர், எத்தனை கிறிஸ்தவர், எத்தனை பெண்கள் என்று எண்ணிவிடலாம். பெண் பாத்திரங்களை அளக்க அமெரிக்க ஓவியர் அலிசன் பெக்டெல் 1985இல் தம் சித்திரக்கதையில் வேடிக்கையாகச் சொன்ன அளவுகோல் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. படத்தில் குறைந்தது இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இதை ‘அவ்வை சண்முகி’யிடம் கொண்டுபோனால் அளவுகோலே தடுமாறுகிறது. ஐயரின் மகளும் பாண்டியனின் மனைவியுமான ஜானகி மனம்விட்டுப் பேசுவது பெரும்பாலும் சண்முகி மாமியிடம்தான். பார்வைக்கு அது இரண்டு பெண்களின் உரையாடல். மாமியோ வேடம் போட்ட அவளுடைய கணவன். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் மட்டும் சொல்லக்கூடியதை அவளுக்குத் தெரியாமலே கணவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். எண்ணிக்கை தேர்ச்சி கொடுக்கிற இடத்தில்தான் படத்தின் சிக்கலே இருக்கிறது.

மேடையிலிருந்து வந்த மாமி

தமிழ் மேடையில் ஆண் பெண்வேடம் கட்டியது ஒரு காலத்தில் அன்றாட வழக்கம். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே நாயகியாக நடித்தார்கள். ‘ஸ்திரீபார்ட்’ என்பது பயிற்சி எடுத்துச் செய்கிற தொழில். அந்தப் பரம்பரையில் வந்த டி.கே. சண்முகம் முதிய ஔவையாராக மேடையேறிப் பெற்ற புகழால் அவர் பெயரோடு ‘அவ்வை’ ஒட்டிக்கொண்டது. சென்னையில் லாயிட்ஸ் சாலை அவர் பெயரில் அவ்வை சண்முகம் சாலை ஆனது. சிறுவயதில் அவருடைய நாடகக் குழுவில் பயின்ற கமல், படத்தின் தலைப்பையே குருவுக்குக் காணிக்கையாக்கினார்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. கே.பி. சுந்தராம்பாள் 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண்வேடத்தில் நந்தனாராக நடித்தார். 1953இல் ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’ படத்தில் ஔவையாகவும் அவரே வந்தார். நந்தனாராக ஒரு பெண், ஔவையாராக ஓர் ஆண் என்று பார்த்துப் பழகிய ரசிகர் கூட்டம் இது.

இந்தப் பின்னணியால்தான் சண்முகி மாமி கேலிச்சித்திரம் ஆகாமல் தப்பித்தாள். தொண்ணூறுகளின் நகைச்சுவைக் காட்சிகளில் பெண்மை கலந்த ஆண் என்றாலே கையைத் தட்டிக் கேலி செய்வதுதான் வழக்கம். ‘திருநங்கை’ என்ற மதிப்பான சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. அவர்களுக்காகத் தமிழ்நாடு நலவாரியம் அமைத்தது 2008இல்தான். அப்படிப்பட்ட சூழலில் மடிசாரும் குங்குமமுமாக வரும் இந்த மாமி நிமிர்ந்து நடக்கிறாள், கண்டிக்கிறாள், பாசம் காட்டுகிறாள். அவளைச் சுற்றி இருப்பவர்களின் அசட்டுத்தனத்தைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். பெண்ணாக இருப்பதே நகைப்புக்குரியது என்று படம் எங்கும் சொல்லவில்லை. ஸ்திரீபார்ட் மரபு தமிழ் சினிமாவுக்குக் கொடுத்த நல்ல கொடை இது.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சென்னைக்கு

படத்தின் மூலம் கிறிஸ் கொலம்பஸ் இயக்கி 1993இல் வந்த ‘மிசஸ் டவுட்ஃபயர்’ என்பது ஊரறிந்த செய்தி. அதற்கும் மூலம், ஆங்கிலேய எழுத்தாளர் ஆன் ஃபைன் 1987இல் எழுதிய சிறுவர் நாவல். விவாகரத்தான தகப்பன் பிள்ளைகளோடு இருப்பதற்காகக் கிழவி வேடம் போட்டு, தன் வீட்டுக்கே வேலைக்காரியாகப் போகிறான். எலும்புக்கூடு இவ்வளவுதான். சென்னைக்கு வந்தபோது எது மாறியது, எது விழுந்தது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்கப் படத்தில் ராபின் வில்லியம்ஸுக்கு ஒப்பனை செய்துவிடுபவர் அவருடைய சகோதரர் ஃபிராங்க். இன்னோர் ஆணோடு சேர்ந்து குடும்பம் நடத்துபவர். ஹார்வி ஃபயர்ஸ்டீன் நடித்த அந்தப் பாத்திரத்தைப் படம் விளக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. குடும்பத்தில் ஒருவராக வந்துபோகிறார். அந்த நாற்காலியில் தமிழில் உட்கார்ந்தவர் நாகேஷின் ஜோசப். தற்பாலின உறவு போய், கிறிஸ்தவ மேக்கப்மேன் வந்துவிட்டார். அது 1996, தற்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் தளர்த்த இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. தீபாவளிக்குக் குடும்பத்தோடு வருபவர்களை நம்பி எடுத்த படம் அந்தப் பக்கம் போகாததில் வியப்பில்லை.

மாறாக, அமெரிக்கப் படத்தில் இல்லாத ஒன்று தமிழில் வந்தது. அங்கே நாயகனின் ஹில்லார்ட் குடும்பமும் அதன் நண்பர்களும் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர்கள். இனம் என்ற பேச்சே அங்கு இல்லை. மனைவியை ஒரு பணக்காரக் காதலன் கவர்ந்துவிடுவானோ என்பதுதான் கதாநாயகனின் கவலை. தமிழில் காதலன் கழன்றுகொண்டான். அவன் இடத்தில் பணமும் ஆசாரமும் உள்ள மாமனார் வந்து நின்றார். உடனே ஒரு மணமுறிவுக் கதை சாதிக் கதையாகவும் மதக் கதையாகவும் விரிந்துவிட்டது.

முடிவிலும் இதே கொடுக்கல் வாங்கல்தான். ‘மிசஸ் டவுட்ஃபயர்’ கணவன் மனைவியைச் சேர்த்துவைப்பதில்லை. தாயும் தகப்பனும் பிரிந்திருந்தாலும் அதுவும் ஒரு குடும்பம்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி முடிகிறது. ‘அவ்வை சண்முகி’யில் பாண்டியனும் ஜானகியும் சேர்ந்தே ஆக வேண்டும். ஆக, ஒரு படம் குடும்பத்தின் வகையில் தாராளமாக இருந்து நிறத்தில் குறுகியது. மற்றது சாதி, மதத்தில் கதவைத் திறந்து குடும்பத்தின் வகையில் பூட்டிக்கொண்டது. இரண்டுமே தத்தம் ஊரில் அப்போது எதைப் பேசினால் வீட்டோடு உட்கார்ந்து சிரிக்க முடியுமோ அதை மட்டும் பேசின.

சமையற்கட்டு வாசல்

பாஷாவாக வரும் நாசருக்குப் படத்தில் அதிக வசனம் கிடையாது. ஐயர் வீட்டுச் சமையலுக்கு ஆள் வேண்டும். பாண்டியனின் நண்பர் பாஷா பிராமணச் சமையல்காரராக நுழைகிறார், ஊமையாக. மாமி வேடத்துக்குப் பாதி முகப்பூச்சு என்றால் மீதி பேச்சு. ‘அவா’, ‘இவா’, ‘ஆத்துல’ என்று நாக்கு புரண்டால்தான் அந்த வீட்டில் நம்புவார்கள். பாண்டியனுக்கு அது வருகிறது. பாஷா வாயைத் திறந்தால் குட்டு உடையும். எனவே அவருடைய வேடத்தின் முக்கியமான பகுதி மௌனம். பூணூலையும் பஞ்சகச்சத்தையும் கடன் வாங்கிவிடலாம், பேச்சை வாங்க முடியாது என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் காட்டுகிற பாத்திரம் அது.

ஒருநாள் அவர் தொழுகையில் இருக்கும்போது ஐயர் பார்த்துவிடுகிறார். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டு நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ‘ரோஜா’வுக்குப் பிறகு தமிழ்த் திரையில் இஸ்லாமியர் என்றாலே தீவிரவாதத்தோடு முடிச்சுப் போடும் பழக்கம் பரவிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், தொழுகிற மனிதரை வில்லனாகவும் காட்டாமல் தியாகியாகவும் காட்டாமல், மாட்டிக்கொண்ட நண்பனாகக் காட்டிய காட்சி இது. கோபப்படும் ஐயரின் பக்கம் நின்று பார்ப்பவன் சிரிப்பதில்லை. இந்த நகைச்சுவை யார் பக்கம் என்பதில் சந்தேகமே வேண்டியதில்லை. தோல் வியாபாரம் செய்து பணம் பண்ணும் ஒருவர் வீட்டுக்குள் ஆசாரம் பேசுகிறார் என்ற முரணையும் படம் சும்மா விடவில்லை.

ஆனாலும் பாஷா அந்தச் சமையற்கட்டுக்குள் பாஷாவாக நுழையவில்லையே. இந்த இடத்தில் மறுபடி நந்தனாரை நினைக்காமல் இருக்க முடியாது. பெரிய புராணத்துத் திருநாளைப்போவார் தில்லைக் கோயிலுக்குள் அவராகவே போகவில்லை. தீயில் இறங்கி, மார்பில் பூணூலோடு முனிவராக எழுந்த பிறகே உள்ளே போனார். இறைவன் அழைத்தும் வாசல் வடிவத்தை மாற்றச் சொன்னது. பக்தி இலக்கியத்திலிருந்து தீபாவளிப் படம்வரை, நம் கதைகளில் அடைத்த வாசலைத் தாண்டுவதற்கு ஆகிவந்த வழி உருமாற்றம்.

அந்த உருமாற்றத்துக்கு ஒரு திசையும் உண்டு. பாண்டியன் ஏன் மாமியானான்? அந்த வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் உரிமையும் மதிப்பும் மாமிக்குத்தான் கிடைக்கும். கமலே இயக்கி அடுத்த ஆண்டு இந்தியில் எடுத்த ‘சாச்சி 420’இல் நாயகன் லட்சுமி கோட்போலே என்ற மராட்டியப் பிராமணப் பெண்ணாக, ஒன்பது கஜப் புடவையில் வருகிறான். அமெரிக்கக் கணவனோ பிரிட்டிஷ் உச்சரிப்போடு ஆயாவாகப் போகிறான். அமெரிக்க நடுத்தர வர்க்கத்துக்குப் பிரிட்டிஷ் ஆயாவைவிடக் கண்ணியமான ஆள் கிடையாது. மூன்று ஊர், மூன்று மொழி. மூன்றிலும் வேடம் மேல்நோக்கித்தான் போகிறது. கதவைத் திறக்க வேண்டுமென்றால் கதவுக்காரரைப் போல ஆக வேண்டும் என்ற விதியை வைத்துப் படம் சிரிக்கிறது. ஆனால் அந்த விதிப்படிதான் நடக்கிறது.

இந்தக் கூட்டத்தில் இல்லாதவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும். ஐயர் உண்டு, முதலியார் உண்டு, இஸ்லாமியர், கிறிஸ்தவர் உண்டு. தலித் என்று அடையாளம் காணத்தக்க ஒருவர் கதைக்குள் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தமிழ்நாட்டுத் தோல் தொழில் யார் உழைப்பில் நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஐயரைக் கிண்டல் செய்யத் தோல் பயன்பட்டது. தோலில் வேலை செய்கிறவர் கதைக்கு வேண்டியிருக்கவில்லை.

ஜானகிக்கு என்ன வேலை?

அமெரிக்கப் படத்தின் மனைவிக்கு நல்ல வேலை உண்டு; பொறுப்பற்ற கணவனைப் பொறுத்துப் பொறுத்துச் சலித்துப்போன நியாயம் அவளுக்கு உண்டு. மீனாவின் ஜானகிக்கு அப்பா வீடும் கணவன் வீடும்தான் உண்டு. பணமில்லாத குடித்தனம் கசந்து தகப்பனிடம் திரும்புகிறாள், பிறகு தகப்பனிடமிருந்து கணவனிடம் திரும்புகிறாள். மணமுறிவு கேட்டு நீதிமன்றப் படி ஏறும் துணிச்சலைக் கொடுத்த கதை, அந்தத் துணிச்சலை அவசரத்தில் எடுத்த முடிவாகவே கடைசிவரை பார்க்கிறது. தொண்ணூறுகளின் குடும்பப் படங்களில் மணமுறிவு ஒரு விபத்து. தாலி வென்றே தீர வேண்டும். ‘நாட்டாமை’ எடுத்த இயக்குநரும் மயிலாப்பூர் சபா நாடகங்களில் வளர்ந்த வசனகர்த்தாவும் சேர்ந்த கூட்டணியில், சிரிப்பு சபாவிலிருந்து வந்தது, முடிவு நாட்டாமைப் படங்களின் உலகத்திலிருந்து வந்தது.

இதன் விளைவு விசித்திரமானது. படத்தில் துணிந்து பேசுகிற, வேலை தெரிந்த, ஆண்களை அடக்கி ஆள்கிற பெண் யார் என்று கேட்டால் சண்முகி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணோ ஆண். ஹாலிவுட்டில் 1982இல் வந்த ‘டூட்ஸி’ தொடங்கி இந்த வகைப் படங்கள் எல்லாவற்றின் மேலும் வைக்கப்படும் குறை இது. பெண்ணாக நடிப்பதில் ஓர் ஆண் பெண்ணைவிடச் சிறந்துவிடுகிறான். ‘அவ்வை சண்முகி’யில் அவன் கற்றுக்கொண்ட பாடத்துக்குப் பரிசாக மனைவியும் கிடைக்கிறாள். குழந்தை வளர்ப்பும் சமையலும் எவ்வளவு கடினம் என்பதைப் பாண்டியன் உணர்வது நல்ல மாற்றம்தான். ஜானகிக்கு அதுபோல் மாறவோ வளரவோ ஒரு காட்சியாவது கொடுத்திருக்கலாம்.

சண்முகியை விரும்புகிறவர்கள் விஷயம் இன்னும் சுவையானது. ஒரு காலத்துக் காதல் மன்னன் ஜெமினி கணேசன் ஐயராக, வெண்தலையோடு மாமியின் பின்னால் சுற்றுவதில் நடிகரின் பழைய பிம்பமே நகைச்சுவையாகிறது. முதலியாராக வரும் மணிவண்ணனுக்கும் அதே மயக்கம். ஓர் ஆணை ஓர் ஆண் துரத்துகிறான் என்ற சங்கடம் இந்தச் சிரிப்பில் கலந்திருப்பது உண்மை. ஆனால் வயதான மனிதருக்குத் துணை தேவைப்படுவதைப் படம் அருவருப்பாகக் காட்டவில்லை. முதியவரின் ஆசை என்றாலே கொச்சையாக்கும் சினிமாவில், ஐயரின் தனிமை உண்மையான தனிமையாகவே வருகிறது. சாதிச் செருக்குள்ள மனிதரை நம்மால் வெறுக்க முடியாமல் போவது ஜெமினியின் நடிப்பாலும் இந்தத் தனிமையாலும்தான்.

காலமும் காமெடியும்

இனி, வழக்கமான இரண்டு சமாதானங்கள். ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்பது ஒன்று. இது பாதி உண்மை. ஃபிராங்க் காணாமல் போனதைக் காலத்தால் விளக்கலாம். ஆனால் அதே காலம்தான் பாஷாவையும் கொடுத்தது. வியாபாரக் கணக்குப் பார்க்கும் படம் பாஷாவை விட்டுவிட்டுப் போயிருக்கலாம், விடவில்லை. எங்கே துணிந்தார்கள் என்பதைக் கொண்டாடுகிறவர்கள், எங்கே துணியவில்லை என்பதைக் காலத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

‘காமெடிதானே’ என்பது இரண்டாவது. நகைச்சுவைக்கு விலக்கு உண்டு, ஆனால் அளவில்லாத விலக்கு இல்லை. மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது பற்றி 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இங்கே உதவும். குறைபாட்டை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, குறைபாட்டைப் பற்றிய புரிதலை வளர்க்கும் நகைச்சுவை வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. பாஷாவின் ஊமை வேடத்தை அந்த வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டும் தெரிகிறது. பேச்சில்லாதவரைப் படம் ஏளனம் செய்யவில்லை. அதே சமயம், பேச்சில்லாமை அங்கே ஒரு சௌகரியமான முகமூடி. நிஜமாகவே பேச இயலாத ஒருவருக்கு அந்தக் கதையில் இடமில்லை.

சிரிக்கவைக்கிற பேனா யார் கையில் என்பதும் முக்கியம். பிராமண நடுத்தர வர்க்கத்தின் பேச்சை உள்ளும் புறமும் அறிந்தவர் கிரேசி மோகன். அதனால் ஐயர் வீட்டுக் கேலி கூர்மையாக, பாசத்தோடு, தன்னைத் தானே கிள்ளிக்கொள்வதாக வந்தது. ஐயங்கார் குடும்பத்தில் பிறந்த கமல், பாண்டியனாகி, பாண்டியன் மாமியாவதிலும் அந்தச் சுயகேலி உண்டு. உள்ளேயிருந்து எழுதப்பட்ட பாத்திரங்கள் முழு மனிதர்களாக வந்தன. பாஷாவும் ஜோசப்பும் நல்லவர்கள், நண்பர்கள்; அவர்களுடைய வீடு எப்படி இருக்கும், அங்கே யார் இருக்கிறார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது. பாண்டியனுக்கு உதவுவதுதான் அவர்களுக்குக் கதை கொடுத்த வேலை.

ஆகவே ‘அவ்வை சண்முகி’யை முற்போக்குப் படம் என்று முத்திரை குத்தவும் வேண்டாம், பிற்போக்கு என்று ஒதுக்கவும் வேண்டாம். ஒரு வீட்டின் வாசல் யாரையெல்லாம் தடுக்கிறது என்பதை இவ்வளவு பேர் சேர்ந்து சிரிக்கும்படி காட்டிய படம் அது. வாசலை மாற்றச் சொல்லும் அளவுக்கு அது போகவில்லை; ஆளை மாற்றி உள்ளே அனுப்பியது. பின்னால் வந்த குடும்பச் சித்திரங்களையும் இதே கேள்வியால் அளக்கலாம். விதவிதமான பெயர்களை வைத்துக்கொண்டு கணக்குக் காட்டுவது எளிது. வேறு சாதிக்காரர், வேறு மதத்துக்காரர், வேறு பாலினத்தவர் தம் சொந்தப் பெயரோடும் சொந்தப் பேச்சோடும் அந்தச் சமையற்கட்டுக்குள் நுழைந்து, தாமும் நகைச்சுவை சொல்லி, கதையின் முடிவிலும் அங்கேயே இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்த அளவில் பார்த்தால், 1996இல் பாதி தூரம் வந்த தமிழ்க் குடும்பப் படம் மீதியை இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது.